ஸ்பீக்கர் போச்சு சார், மாத்திடலாம்!

காரில் பாட்டு சரியாக் கேக்கலைன்னு எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பதில்தான். "ஸ்பீக்கர் போச்சு சார், மாத்திடலாம்." இடது பக்கம் சத்தம் வரலையா? ஸ்பீக்கர் போச்சு. கரகரங்குதா? ஸ்பீக்கர் போச்சு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்ய்'னு ஒரு இரைச்சல் கூடவே ஏறுதா? அதுக்கும் ஸ்பீக்கர் போச்சு. அரை மணி நேரம் பாடிட்டு செட்டே அணைஞ்சுடுதா? "நாலும் வீக் ஆயிடுச்சு சார், செட்டோட மாத்திட்டீங்கன்னா பிரச்சினையே இல்ல." காய்ச்சலுக்குப் போனாலும் கால் சுளுக்குக்குப் போனாலும் அதே ஊசியைப் போடுற டாக்டர் மாதிரி.

நான் இதைத் தொழிலாச் செய்யறவன் இல்லை. ஞாயித்துக்கிழமை மதியம் தூங்காம மச்சான் வண்டி, பக்கத்து வீட்டு அண்ணன் வண்டி, ஆபீஸ் நண்பர்கள் வண்டின்னு டோர் பேடைக் கழட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற ஜாதி. வீட்ல இதுக்கு வாங்குற திட்டு தனிப் பதிவுக்கு ஆகும். ஆனா இத்தனை வருஷமா நோண்டினதுல தெரிஞ்ச ஒண்ணு உண்டு. சத்தம் சரியில்லைன்னு என்கிட்ட வந்த வண்டிகள்ல நிஜமாவே ஸ்பீக்கர் செத்திருந்தது கொஞ்சம்தான். மத்ததெல்லாம் ஒயர், ஜாயின்ட், எர்த்து, இல்லைன்னா யாரோ திருகி வெச்ச ஈக்வலைசர். அப்ப 'மாத்திடலாம்'ங்கிறது எப்படி எல்லா நோய்க்கும் மருந்தாச்சு? அதைப் பத்தின பொலம்பல்தான் இது. பொலம்பலோட நிக்காம, கடைக்காரர் செய்ய மாட்டேங்கிற சோதனைகளையும் எழுதிடறேன். படிச்சுட்டு நீங்களே செஞ்சு பாருங்க.

முதல்ல ஸ்பீக்கருக்கு என்னதான் வியாதி வரும்னு பாத்துடுவோம். அது ஒண்ணும் ராக்கெட் இல்லை. ஒரு காந்தம், அதுக்கு நடுவுல மெல்லிசா சுத்தின ஒரு காயில், காயிலோட ஒட்டின ஒரு கோன், கோனைச் சுத்திப் பிடிச்சிருக்கிற ரப்பர் அல்லது நுரை வளையம். அவ்வளவுதான். இது சாகிறதுக்கு வழியும் கம்மி. காயில் அறுந்து போகலாம். காயில் சூட்டுல கருகி காந்தத்தோட உரசலாம். கோனோ வளையமோ கிழியலாம். மூணையும் கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்ல சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மல்டிமீட்டரும், ரிமோட்ல இருந்து உருவின ஒரு பென்சில் பேட்டரியும் இருந்தா ஆச்சு.

ஸ்பீக்கரைக் கழட்டுறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. வரிசையாச் சொல்றேன்.

ஒண்ணு. பாட்டை மாத்திப் பாருங்க. ப்ளூடூத்ல கரகரங்குதுன்னா பென் டிரைவ்ல போடுங்க, எஃப்.எம். வைங்க. அதுல நல்லா இருந்தா ஸ்பீக்கர் மேல எந்தத் தப்பும் இல்லை. எவனோ வாட்ஸப்ல நசுக்கி அனுப்பின பாட்டை, போன்ல சவுண்டைப் பாதியா வெச்சுக்கிட்டு, காரில் முழுசாத் திருகிக் கேட்டா பின்னே எப்படி இருக்கும்? போன்ல முக்கால்வாசிக்கு மேல ஏத்திட்டு, கார் செட்டைக் குறைச்சு வைங்க. பாதிப் பேருக்கு இதோட வைத்தியம் முடிஞ்சுடும்.

ரெண்டு. செட்டிங்கை எல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. பாஸ் முழுசு, ட்ரெபிள் முழுசு, போதாததுக்கு லவுட்னஸ் வேற ஆன். நம்மாளுங்க வாங்கின அன்னிக்கே செய்யற முதல் காரியம் இதுதான். செட்டுக்குள்ள இருக்கிற ஆம்ப்ளிஃபயரால அவ்வளவு பாஸைத் தூக்க முடியாம அலையோட தலையையும் காலையும் வெட்டித் தள்ளும். அதுதான் உங்க காதுல கரகரப்பாக் கேக்குது.

மூணு. பேலன்ஸ், ஃபேடர் ரெண்டும் செட்டில் இருக்கே, அது எதுக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? நாலு மூலைக்கும் ஒவ்வொண்ணா ஓட்டிப் பாருங்க. எந்த மூலையில கோளாறுன்னு கையில ஒரு ஸ்பேனர் எடுக்காமலே தெரிஞ்சுடும். இதுக்கு 1960கள்ல வந்த ஏதாவது கறுப்பு வெள்ளைப் படப் பாட்டு வெச்சுக்கறது நல்லது. அந்தக் காலப் பாட்டு மோனோ. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் வரணும், குரல் டாஷ்போர்டுக்கு நடுவுல நிக்கணும். (அதையே பின்னாடி ஸ்டீரியோவா ஜோடிச்சு விட்ட ரீமிக்ஸ் வேண்டாம்.) ஸ்டீரியோ பாட்டை வெச்சு சோதிச்சா, இடது பக்கம் வயலினும் வலது பக்கம் கிடாருமா பிரிச்சு வெச்சிருப்பாங்க, 'வலது பக்கம் வயலின் வரலை, ஸ்பீக்கர் போச்சு'ன்னு நீங்களே முடிவு கட்டிடுவீங்க.

நாலு. மோனோ பாட்டுல நாலு மூலையும் தனித்தனியா நல்லாப் பாடுது, ஆனா சேர்ந்து பாடும்போது பாஸே இல்லை, குரல் எங்கிருந்து வருதுன்னே புரியலைன்னா, ஒரு பக்கத்துக்கு பிளஸ்ஸும் மைனஸும் மாத்திக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ஒரு கோன் வெளியே தள்ளும்போது இன்னொண்ணு உள்ளே இழுக்குது. ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது. ஒரே ஒரு ஸ்பீக்கர்ல ரெண்டு ஒயரை இடம் மாத்தினா சரி. செலவு பூஜ்யம். இதுக்கும் 'பாஸ் பத்தலை, சப்-ஊஃபர் போட்டுடுங்க'ன்னு விக்கிறவங்களை நான் பாத்திருக்கேன்.

அஞ்சு. இப்பதான் மல்டிமீட்டர். செட்டை வெளியே இழுத்து, பின்னாடி இருக்கிற கப்ளரைக் கழட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியையும் ஓம்ஸ்ல அளங்க. கார் ஸ்பீக்கர் பொதுவா 4 ஓம்ஸ்னு போட்டிருக்கும். மீட்டர்ல 3.2ல இருந்து 3.8க்குள்ள காட்டும், ஒயர் நீளத்துக்கு ஒரு சின்னத் துளி கூட வரலாம். அது நல்ல ஸ்பீக்கர். ஒண்ணுமே காட்டலைன்னா எங்கேயோ அறுந்திருக்கு. கவனிங்க, 'எங்கேயோ'. ஸ்பீக்கர்லதான்னு இல்லை. டோர் பேடைக் கழட்டி ஸ்பீக்கர் முனையிலேயே அளந்து பாருங்க. அங்க 3.5 காட்டினா ஸ்பீக்கர் உயிரோட இருக்கு, நடுவுல ஒயர்தான் செத்திருக்கு. பூஜ்யத்துக்குப் பக்கமாக் காட்டினா ஷார்ட். அப்படியே ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் வண்டி பாடிக்கும் நடுவுல தொடர்பு இருக்கான்னும் பாத்துடுங்க. இருக்கக் கூடாது. கார் செட்டில் ஸ்பீக்கர் மைனஸ்ங்கிறது எர்த்து இல்லை; ரெண்டு முனையிலயும் ஆம்ப்ளிஃபயர்தான் உக்காந்திருக்கு. அந்த மைனஸ் ஒயர் எங்கேயாவது தோல் உரிஞ்சு பாடியில பட்டா, செட்டு தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். 'செட்டே போச்சு'ன்னு தூக்கிக் கடாசின எத்தனை செட்டு இப்படி ஒரு உரிஞ்ச ஒயரால போச்சோ!

ஒரு எச்சரிக்கை. தனியா வர்ற குட்டி ட்வீட்டரை அளந்துட்டு 'ஓப்பன் காட்டுது'ன்னு பதறாதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். கெப்பாசிட்டர் மீட்டரோட மின்சாரத்தை விடாது. அதைத் தாண்டி அளக்கணும்.

ஆறு. ஒயரைக் கழட்டின பிறகு (கழட்டின பிறகு மட்டும்தான், செட்டோட இணைச்சிருக்கும்போது கூடவே கூடாது) ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகள்ல ஒரு நொடி தொட்டு எடுங்க. 'டொப்'னு சத்தம் வந்து கோன் நகரும். பிளஸ்ல பிளஸ் தொட்டா பெரும்பாலும் வெளிப்பக்கம் தள்ளும். அப்புறம் ரெண்டு பக்கமும் விரல் வெச்சு கோனை மெதுவா, சமமா அமுக்குங்க. வழவழன்னு போய் வந்தா நல்லது. 'சரக் சரக்'னு உரசினா காயில் கருகி வீங்கியிருக்கு. அப்ப மாத்துங்க. நானே சொல்றேன், தாராளமா மாத்துங்க.

இந்த ஆறுக்கும் சேத்து அரை மணி நேரம் ஆகும். ஆனா பல கடைகள்ல இந்த ஆறுல ஒண்ணைக் கூட செய்யறதில்லை. சாவியை வாங்கி, சவுண்டைத் திருகி, உதட்டைப் பிதுக்கி, "போச்சு சார்." மொத்த வைத்தியமும் முப்பது செகண்ட்.

ஒரு உதாரணம் சொல்றேன். என் மச்சானோட வண்டி, சின்ன ஹேட்ச்பேக். டிரைவர் பக்கக் கதவு ஸ்பீக்கர் திடீர்னு வேலை செய்யும், திடீர்னு நின்னுடும். கடைக்குப் போனவர் பாவம், டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி அறிகுறியைத் தெளிவாவே சொல்லியிருக்கார்: "கதவைத் திறந்தா பாடுது, மூடினா நின்னுடுது." இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன துப்பு குடுக்க முடியும்? ஸ்பீக்கருக்குக் கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு எப்படிங்க தெரியும்? ஆனா பதில் அதேதான். நாலு ஸ்பீக்கர், கூடவே புது செட்டு, 14,000 ரூபாய் எஸ்டிமேட்.

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு ரப்பர் குழாய் இருக்கும், பாத்திருப்பீங்க. கதவுக்குப் போற எல்லா ஒயரும் அது வழியாத்தான் போகுது. டிரைவர் கதவுதான் வண்டியிலயே அதிகமாத் திறந்து மூடுற கதவு. வருஷக் கணக்கா மடங்கி மடங்கி, மேல் தோல் நல்லா இருக்க, உள்ளே செம்பு அறுந்து போயிருந்தது. ரெண்டு அங்குலம் நல்ல ஒயர் சேத்து, ஈயம் பத்த வெச்சு, மேல சுருங்குற குழாய் போட்டு மூடினோம். சாமான் செலவு அம்பது ரூபாய் தாண்டலை. அந்த நாலு ஸ்பீக்கரையும் மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? புது ஸ்பீக்கரும் கதவைத் திறந்தா பாடும், மூடினா நிக்கும். அப்புறம், "செட்டுல ஐ.சி. போச்சு சார்."

அடுத்து, அந்த அட்டைப் பெட்டி மேல போட்டிருக்கிற வாட்ஸ் கணக்கு. பழசை மாத்தச் சொல்றவங்க கையில எப்பவும் இருக்கிற ஆயுதம் அது. "உங்க கம்பெனி செட்டு வெறும் இருபது வாட்ஸ் சார், இது நாலு இன்ட்டூ அம்பது, இருநூறு வாட்ஸ்!" எட்டாங்கிளாஸ் கணக்கு போதும் இதை உடைக்க. இன்ஜின் ஓடும்போது வண்டியில இருக்கிற வோல்டேஜ் சுமார் 14.4. தனி பவர் சப்ளை வெச்ச பெரிய ஆம்ப் இல்லாம, செட்டுக்குள்ளேயே இருக்கிற ஐ.சி. ஓட்டினா, 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு சுத்தமான அலையாக் குடுக்க முடியற உச்சபட்சம் 14.4 இன்ட்டூ 14.4, அதை எட்டால வகுத்தா, கிட்டத்தட்ட 26 வாட்ஸ். அதுவும் காகிதத்துல. நிஜத்துல இருபதை ஒட்டித்தான் வரும். அப்ப அம்பது எங்கிருந்து வந்தது? அலையைக் கண்டபடி வெட்டி சதுரமாக்கினா எட்டுக்குப் பதிலா நாலால வகுக்கலாம், கிட்டத்தட்ட 52. பாட்டு பாட்டாவே இல்லாம வெறும் இரைச்சலாகுற நிலையில வர்ற நம்பரைத்தான் பெட்டி மேல தங்க எழுத்துல அச்சடிக்கிறாங்க.

இன்னும் நம்பிக்கை வரலையா? செட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஃபியூஸைப் பாருங்க. 10 ஆம்பியர்னு இருந்தா, 14.4 இன்ட்டூ 10, ஆக 144 வாட்ஸ்தான் அது தொடர்ந்து உள்ளேயே வாங்க முடியும். அதுலயும் ஒரு பெரிய பங்கு சூடாப் போயிடும். 144 உள்ளே போய் 200 வெளியே வருதுன்னா, அந்த செட்டை மின்வாரியத்துக்குக் குடுத்துடலாம், மாநிலத்துக்கே கரண்ட் பிரச்சினை தீந்துடும். நேர்மையா அளக்கிறதுக்குன்னு 2003லயே அமெரிக்காவுல சி.இ.ஏ. 2006னு ஒரு அளவுமுறை வந்தாச்சு. 14.4 வோல்ட், 4 ஓம்ஸ், சிதைவு 1 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு எல்லாம் தெளிவாச் சொல்லியிருக்காங்க. நம்ம கடையில பெட்டியைக் காட்டி 'ஆர்.எம்.எஸ். எவ்வளவு?'ன்னு கேட்டுப் பாருங்க. "சார், இது எம்.எஸ். எல்லாம் இல்ல, ஒரிஜினல்"னு பதில் வந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, பணம்தானே போச்சு, அவங்களும் பொழைக்கட்டுமேன்னு நினைக்கிற நல்ல மனசுக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். போறது பணம் மட்டும் இல்லை.

தேவையில்லாம மாத்துற ஒவ்வொரு தடவையும் வண்டி கெட்டுப் போகுது. டோர் பேடை இழுத்துப் பிடுங்கும்போது நாலு கிளிப் உடையும். உடைஞ்ச கிளிப்புக்குப் பதில் புதுசு போட மாட்டாங்க. அப்புறம் அந்த பேடு பாஸுக்குக் கூடவே தாளம் போடும், 'ஸ்பீக்கர் அதிருது'ன்னு மறுபடி போவீங்க. பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். கண்ணாடி இடுக்கு வழியாக் கதவுக்குள்ள இறங்குற மழைத்தண்ணி இந்தப் பக்கம் வராம இருக்கத்தான் அது. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு, திரும்ப ஒட்டாமலே மூடிடுவாங்க. அடுத்த ஐப்பசி கார்த்திகைக்கு உள்ளே ஈரம் இறங்கி, காகிதக் கோன் ஊறி, இப்ப நிஜமாவே ஸ்பீக்கர் போயிருக்கும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முங்கின வண்டிகளோட ஸ்பீக்கர் போச்சுன்னா அதுல நியாயம் இருக்கு. சாதா மழைக்கே போகுதுன்னா, அந்த ஷீட்டைக் கிழிச்சவர் யாருன்னு தேடணும்.

ரெண்டாவது, இதுதான் எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குறது, ஒயரை வெட்டுறது. கம்பெனி கப்ளருக்குப் பொருந்துற மாதிரி மாத்துக் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதைப் போட்டா ஒரு ஒயரைக் கூட வெட்ட வேண்டாம், நாளைக்கு வேண்டாம்னா பழையபடி சொருகிக்கலாம். அதை விட்டுட்டு, பல்லால கடிச்சுத் தோலை உரிச்சு, முறுக்கி, கறுப்பு டேப் சுத்தி விட்டுடறது. நம்ம ஊரு வெயில்ல மூடின கார் டாஷ்போர்டுக்குள்ள அந்த டேப் ஒட்டு எத்தனை நாள் தாங்கும்? பசை உருகி, டேப் கழண்டு, ஒயர் ஒண்ணோட ஒண்ணு தொடும். வண்டி வாரண்டியில இருந்தா, வெட்டின ஒயரைக் காட்டி மின்சாரக் கோளாறு எதுக்கும் கையை விரிக்க கம்பெனிக்கு ஒரு சாக்கும் கிடைச்சுடும்.

தனி ஆம்ப் போடறவங்க கதை இன்னும் மோசம். பேட்டரியில இருந்து டிக்கி வரைக்கும் ஒரு கனமான ஒயர் போகுது. பேட்டரிக்குப் பக்கத்துலயே, ஒன்றரை அடிக்குள்ள, ஃபியூஸ் வெக்கணும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாத்த இல்லை, ஒயரைக் காப்பாத்த. நடுவுல எங்கேயாவது தகடு கிழிச்சு ஒயர் பாடியில பட்டா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். அந்த ஒயர் ஹீட்டர் கம்பி மாதிரி சிவந்து, பக்கத்துல இருக்கிற கார்ப்பெட், சீட்டுன்னு பத்திக்கும். "ஃபியூஸ் எதுக்கு சார், ஆம்புலயே இருக்கு"ன்னு ஒருத்தர் என்கிட்டயே சொன்னார். ஆம்புல இருக்கிற ஃபியூஸ் ஒயரோட கடைசியில இருக்கு. நடுவழியில ஷார்ட் ஆனா அதுக்குத் தகவலே போகாது. அந்த வண்டியில குழந்தையும் குட்டியுமா அஞ்சு பேர் போறாங்க. இதைப் போய் 'ஏதோ அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு விட முடியுமா?

இரைச்சல் விஷயத்தையும் சொல்லிடறேன். இன்ஜின் வேகத்தோட ஏறி இறங்குற 'ஙொய்' சத்தத்துக்கும் ஸ்பீக்கருக்கும் சம்பந்தமே கிடையாது. ஆல்டர்னேட்டரோட இரைச்சல் அது. ஆக்ஸ் ஒயர்ல போனை மாட்டிக்கிட்டே லைட்டர் சாக்கெட்ல சார்ஜ் போட்டிருந்தா, முதல்ல சார்ஜரைப் பிடுங்குங்க. நின்னுட்டா கதை முடிஞ்சது. ஆம்ப் இருந்தா, எர்த்து ஒயரைப் பெயின்ட் மேலயே முறுக்கி வெச்சிருப்பாங்க. அந்த இடத்தைச் சுரண்டி, வெறும் தகடு தெரிய வெச்சு இறுக்கிக் கட்டுங்க. பவர் ஒயரும் பாட்டு ஒயரும் ஒரே பக்கமா ஒட்டி ஓடினா, ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சு விடுங்க. இதுக்கெல்லாம் அசராம தொடர்ந்தா ஆல்டர்னேட்டரையே ஒரு எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டுங்க. உள்ளே டயோடு போயிருக்கலாம்.

அரை மணி நேரத்துல அணையற செட்டுக்கும் ஒரு வார்த்தை. 'கூட ரெண்டு ஸ்பீக்கர் போட்டா சவுண்டு அள்ளும்'னு பின்னாடி இருக்கிற ஒயர்லயே இன்னொரு ஜோடியை ஒட்டி விட்டிருப்பாங்க. ரெண்டு 4 ஓம்ஸ் பக்கத்துல பக்கத்துல சேந்தா 2 ஓம்ஸ். 4 ஓம்ஸுக்குன்னு செஞ்ச ஐ.சி. ரெண்டு மடங்கு மின்சாரம் தள்ளி, சூடாகி, மயக்கம் போட்டு விழுது. ஆறினதும் எழுந்துக்குது. கூடுதலா ஒட்டினதைப் பிரிச்சா சரியாயிடும். இதுக்குப் புது செட்டு வாங்கினவங்க உண்டு.

இப்ப எதிர்த் தரப்பு. கடைக்காரங்ககிட்டயும் நான் பேசியிருக்கேன். அவங்க சொல்றதுல பாதி நியாயம்தான். "சார், அரை மணி நேரம் உக்காந்து மீட்டர் வெச்சுப் பாத்து, ஒயரை ஒட்டிக் குடுத்துட்டு முந்நூறு ரூபாய் கேட்டா, 'ஒரு ஒயரை ஒட்டினதுக்கு முந்நூறா?'ன்னு சண்டைக்கு வர்றாங்க. அதே ஆளு ஸ்பீக்கர் மாத்துனா பேரம் பேசிட்டு மூவாயிரம் குடுத்துட்டு சிரிச்சிக்கிட்டே போறாரு. நான் எதைச் செய்யட்டும்?"

இதுக்கு என்னால பதில் சொல்ல முடியலைங்க. ஏன்னா அது நம்மளப் பத்தின கேள்வி. கையில பிடிச்சுப் பாக்கிற பொருளுக்குக் காசு குடுக்க நமக்குத் தெரியும். கண்டுபிடிக்கிற மூளைக்குக் காசு குடுக்கத் தெரியாது. 'சும்மா பாத்துச் சொல்லுங்க'ங்கிறது நம்ம தேசிய கீதம். சும்மா பாக்கச் சொன்னா சும்மாத்தான் பாப்பாங்க. அதுக்குத் தோதா, அந்தக் கடைகள்ல வேலை செய்யற பசங்களுக்கும் யாரும் மீட்டர் பிடிக்கக் கத்துக் குடுக்கறதில்லை. கழட்டு, மாட்டு, அடுத்த வண்டி. கத்துக்கிட்டா அந்தப் பையனுக்கும் ஒரு தொழில் கையில இருக்கும். இப்ப இருக்கிறது ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டுவாங்களே, அவங்களை நினைச்சுப் பாருங்க. பனைமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர் கரகரன்னா, கீழே நின்னு காதுலயே கேட்டு, யூனிட்ல காயில் போச்சா, ஒயர் ஜாயின்ட்டான்னு சொல்லிடுவாங்க. ராத்திரியோட ராத்திரியா காயிலை மாத்தி, காலையில சாமி பாட்டு போட்டுடுவாங்க. ஊஃபருக்குக் கோன் மாத்தி ஒட்டிக் குடுக்கிறவங்க இன்னிக்கும் பல ஊர்ல இருக்காங்க. காந்தமும் இரும்புக் கூடும் அப்படியே இருக்க, கிழிஞ்ச கோனுக்காக முழு ஸ்பீக்கரையும் குப்பையில போடறது அவங்களுக்குப் பாவம் மாதிரி. பத்தாங்கிளாஸ் தாண்டாத அந்த ஆளுக்குத் தெரிஞ்ச வித்தை, ஏ.சி. போட்ட ஷோரூம்ல டை கட்டினவருக்குத் தெரியலைன்னா அது வளர்ச்சியா?

"காலம் மாறிடுச்சுங்க, இப்ப வர்ற வண்டியில எல்லாம் பெரிய ஸ்க்ரீன், எல்லாம் கம்ப்யூட்டர், நீங்க சொல்ற மீட்டர் எல்லாம் எடுபடாது"ன்னு ஒருத்தர் சொல்லக் கூடும். ஸ்க்ரீன் எவ்வளவு பெரிசானாலும், கதவுக்குள்ள இருக்கிறது அதே காந்தம், அதே காயில். அதுக்குப் போறதும் ரெண்டு ஒயர்தான். சொல்லப் போனா, ஸ்க்ரீன்லயே ஏ.சி., கேமரா எல்லாம் சேந்து இருக்கிற வண்டியில கண்ணை மூடிக்கிட்டு செட்டை மாத்தறதுதான் முடியாத காரியம். அளந்து பாக்கிறவர் முன்னைவிட இப்பதான் அதிகம் தேவை.

அதனால நான் கேட்டுக்கறது இவ்வளவுதான். அடுத்த தடவை கடைக்குப் போனா, முதல்லயே சொல்லிடுங்க: "என்ன கோளாறுன்னு கண்டுபிடிக்கத் தனியாக் காசு குடுக்கறேன். எதையும் மாத்த வேண்டாம்னாலும் குடுக்கறேன்." இதைக் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறுறதைப் பாருங்க. அப்புறம் 'போச்சு'ன்னு சொன்னா, 'எப்படித் தெரிஞ்சது, மீட்டர்ல எவ்வளவு காட்டுச்சு?'ன்னு கேளுங்க. மாத்தித்தான் ஆகணும்னா, கோளாறான ஸ்பீக்கரை நல்லா இருக்கிற பக்கத்துக்கு மாத்தி மாட்டிக் காட்டச் சொல்லுங்க. கோளாறும் கூடவே போனா ஸ்பீக்கர். அதே பக்கத்துலயே நின்னுட்டா ஒயர் அல்லது செட்டு. ஒயரை வெட்ட விடாதீங்க, கப்ளர் கேளுங்க. கழட்டின பழசை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து, பென்சில் பேட்டரி வெச்சுப் பாருங்க. 'டொப்'னு சத்தம் வந்தா காயில் அறுந்து போகலைன்னு அர்த்தம். கோனும் கிழியாம, அமுக்கினா உரசாம இருந்தா, அதைக் கையில எடுத்துக்கிட்டுத் திரும்ப அதே கடைக்குப் போங்க. சண்டை போட வேண்டாம். கவுண்டர் மேல வெச்சு இன்னொரு தடவை 'டொப்' பண்ணிக் காட்டிட்டு, மெதுவா, அங்க நிக்கிற மத்த கஸ்டமர் காதுலயும் விழற மாதிரி, "இது எப்படிங்க போச்சு?"ன்னு கேளுங்க. அது போதும்.

உங்க ஊர்ல மீட்டர் வெச்சு அளந்து பாத்துட்டு வாயைத் திறக்கிற மெக்கானிக் யாராவது இருந்தா, அவர் கேக்கிற கூலியைப் பேரம் பேசாமக் குடுத்துட்டு வாங்க. நாலு பேருக்கு அவரைப் பத்திச் சொல்லுங்க. அந்த மாதிரி ஆளு கடையை மூடிட்டுப் போனா, அதுக்கப்புறம் நமக்கு மிச்சம் 'மாத்திடலாம் சார்' மட்டும்தான்.

பி.கு: பேட்டரியை ஸ்பீக்கர்ல தொடறது ஒரு நொடிதான். ஒட்ட வெச்சு உக்காந்துட்டு, 'காயில் சூடாகுது'ன்னு என்கிட்ட வராதீங்க மக்கா!